கோதாவரிக் கரையில் ஒரு கோப்பைக் கணக்கு

ஒயின் தேசங்கள் பாட்டிலில் பசுமை முத்திரை குத்தப் போட்டி போடுகின்றன. நாசிக்கின் சாப்பிடும் திராட்சை ஐரோப்பாவிடம் அடிபட்டுப் பாடம் படித்தது. அதே மண்ணில் விளையும் ஒயின் திராட்சைக்கு வாத்தியார் யார்?

ஜனவரி பிறந்துவிட்டால் நாசிக் மாவட்டத்தின் ஒயின் தோட்டங்களில் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. விடிவதற்குள் குலைகளைப் பறித்து, பெட்டிகளில் அடுக்கி, ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். காரணம் சாஸ்திரமோ சம்பிரதாயமோ அல்ல, மின்சார பில். வெயில் ஏறிய பழம் ஆலைக்குள் நுழைந்தால் அதன் சாற்றைக் குளிர்விக்க இயந்திரங்கள் கூடுதலாக ஓட வேண்டும். வெள்ளை ஒயினுக்கான சாறு 12 முதல் 16 டிகிரி செல்சியஸில்தான் நிதானமாக நொதிக்க வேண்டும். வெளியே பிற்பகலில் 30 டிகிரிக்கு மேல் கொளுத்துகிறது. பிரான்ஸில் இலையுதிர்காலக் குளிர் இனாமாகச் செய்யும் வேலையை இங்கே கம்ப்ரஸர்கள் செய்கின்றன.

இந்த ஒரு சங்கதியே போதும், வெப்ப நாட்டில் ஒயின் தயாரிப்பது எவ்வளவு செலவு பிடித்த ஆசை என்று காட்ட. செலவு என்றால் ரூபாய் மட்டும் அல்ல. தண்ணீர், மின்சாரம், பூச்சிமருந்து, கண்ணாடி எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. உலகின் ஒயின் நாடுகள் ஏறக்குறைய 30 ஆண்டுகளாக இந்தக் கணக்கை எழுதிப் பழகிவருகின்றன. இந்தியா இப்போதுதான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்திருக்கிறது.

நாசிக்கின் ஒயின் கதை நீளமானதல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிள் கம்பெனியில் வேலை பார்த்த ராஜீவ் சமந்த் 90களில் ஊர் திரும்பி, கோதாவரியின் கங்காபூர் அணைக்கு அருகிலிருந்த குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சை நட்டார். தாயார் சுலபாவின் பெயரிலிருந்து பிறந்தது ‘சூலா’. முதல் பாட்டில்கள் 2000-ல் வெளிவந்தன. 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கையையே கொண்டுவந்தது. வரிச் சலுகை, விஞ்சூரில் ஒயின் பூங்கா என்று தடபுடல். ஆலைகள் முளைத்தன. 2008-09 பொருளாதார மந்தத்தில் தேவை சரிந்தபோது, நம்பி நட்ட பல விவசாயிகள் ஒயின் கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழைய சாப்பிடும் திராட்சைக்கே திரும்பினார்கள். விவசாயியின் கையில் பணம் நிற்காவிட்டால் எந்தச் சுற்றுச்சூழல் திட்டமும் நிற்காது என்பதற்கு அந்த இரண்டு வருடங்கள் சாட்சி. 2022 டிசம்பரில் சூலா பங்குச் சந்தையில் நுழைந்தது. இத்தனைக்கும் பிறகு இந்தியாவில் விளையும் திராட்சையில் நூறு கிலோவுக்கு ஒன்றிரண்டு கிலோதான் ஒயினாகிறது.

அளவு சின்னதுதான், அதனால் அலட்சியப்படுத்தலாம் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் கணக்கு வேறு கதை சொல்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நம் வெப்பத்தில் திராட்சைக்கொடி உறங்குவதே இல்லை. ஐரோப்பியக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். நம் கொடி வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் காய்க்கும். கம்பத்தில் ஆண்டு முழுக்கப் பழம் கிடைக்கும் ரகசியம் இதுதான். நாசிக்கில் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரலில் ஒன்று, கொடியை வளர்ப்பதற்கு. மழை ஓயும் செப்டம்பர்-அக்டோபரில் இன்னொன்று, காய்ப்பதற்கு. உறங்காத கொடியின் மொட்டுகளை ஒரே சீராக எழுப்ப இரண்டாவது கவாத்துக்குப் பின் ஹைட்ரஜன் சயனமைடு பூசுவது தக்காண வழக்கம். பூசுபவரின் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாத ரசாயனம் அது.

ஆக, பூ பூப்பதிலிருந்து பழம் பழுப்பது வரை எல்லாமே மழையில்லாத மாதங்களில் நடக்கிறது. ஒரு கோப்பை, அதாவது 125 மில்லி ஒயினுக்குப் பின்னால் சுமார் 110 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்பது நீர்த்தடம் கணக்கிடுபவர்கள் சொல்லும் உலக சராசரி. அதில் பெரும்பகுதி வானம் தருவது, யாரிடமிருந்தும் பிடுங்கியதல்ல. நாசிக்கில் அந்த சமாதானத்துக்கு இடம் குறைவு. அங்கே பழத்தைப் பருக்க வைக்கும் தண்ணீர் அணையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ பண்ணைக் குட்டையிலிருந்தோ குழாய் வழியாகத்தான் வர வேண்டும்.

சொட்டுநீர்ப் பாசனம் இல்லாத திராட்சைத் தோட்டத்தை மகாராஷ்டிரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது நல்ல செய்தி. ஒயின் திராட்சைக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. சாப்பிடும் திராட்சையைப் போல ஜிப்பரெல்லிக் அமிலம் தெளித்து, நீர் பாய்ச்சி, கோலிகுண்டாகப் பருக்க வைக்க வேண்டியதில்லை. கொடியைக் கொஞ்சம் தாகத்தில் வைத்தால் பழம் சிறுக்கும், தோலின் பங்கு கூடும், நிறமும் மணமும் ஏறும். தண்ணீரும் மிச்சம், தரமும் உச்சம். ஆனால் எடைக்கு மட்டும் பணம் என்றால் விவசாயி ஏன் தன் கொடியைத் தாகத்தில் வைக்கப் போகிறார்? ஆலைகள் சர்க்கரை அளவுக்கும் தரத்துக்கும் விலையை முடிச்சுப் போடுவதில்தான் இந்தச் சேமிப்பின் சூட்சுமம் இருக்கிறது. எந்தப் பசுமைச் சான்றிதழையும்விட விலைப்பட்டியல் அதிகம் பேசும்.

பண்ணைக் குட்டைகளின் கதை இன்னும் சிக்கலானது. மழைநீரைப் பிடித்து வைக்கத்தான் குட்டை. 2016-ல் மகாராஷ்டிர அரசு கேட்டவர்க்கெல்லாம் குட்டை என்று மானியத் திட்டமே போட்டது. நடைமுறையில் பலர் பிளாஸ்டிக் விரித்த குட்டையில் ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்து நிரப்பி வைக்கிறார்கள். பூமிக்கடியில் பத்திரமாக இருந்த பொதுத் தண்ணீர் மேலே வந்து தனிச் சொத்தாகிறது, பிறகு வெயிலில் ஆவியாகிறது. ‘மழைநீர் சேகரிப்பு வசதி உண்டு’ என்று ஒரு படிவத்தில் டிக் அடித்தால் இந்த இரண்டு வகைக் குட்டைக்கும் ஒரே மதிப்பெண் கிடைத்துவிடக்கூடும்.

தண்ணீர் இங்கே அரசியலும்கூட. நாசிக்கில் புறப்படும் கோதாவரி கீழே மராத்வாடாவின் ஜாயக்வாடி அணைக்குப் போக வேண்டும். 2015 அக்டோபரில், வறட்சியில் தவித்த மராத்வாடாவுக்காக நாசிக், அகமத்நகர் (இன்றைய அகில்யாநகர்) மாவட்ட அணைகளிலிருந்து 12.84 டிஎம்சி தண்ணீர் திறந்துவிட உத்தரவானது. நாசிக்கில் போராட்டம், வழக்கு, அணைகளில் போலீஸ் காவல். அடுத்த ஏப்ரலில் லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் போனது. அதே மாதம் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, அந்தப் பகுதியின் மது ஆலைகளுக்குப் போகும் தண்ணீரை முதலில் பாதியாகவும் பிறகு 60 சதவீதமும் குறைக்கச் சொன்னது. அடிபட்டவை பீர், சாராய ஆலைகள்தான். ஆனாலும் மேலே நாசிக்கில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு சேதி இருந்தது. பஞ்சம் வந்தால் முதலில் எண்ணப்படுவது குடிப்பவனின் கோப்பை.

வெளிநாடுகளில் ஒயின்காரர்களைப் பசுமைப் பக்கம் தள்ளியதும் இப்படிப்பட்ட பயங்கள்தான். கொள்கைப் பற்று கொஞ்சம், அக்கம்பக்கத்தாரின் முணுமுணுப்பும் சட்டம் வந்துவிடுமோ என்ற கலக்கமும் நிறைய. நியூசிலாந்து 1995-ல் தொடங்கியது. ஏற்றுமதியை நம்பிய சின்ன நாடு, ‘தூய்மை’ என்ற பெயரை விற்றுப் பிழைக்கும் நாடு. 2010 முதல் சான்று பெறாத ஒயின், தொழில் சங்கம் நடத்தும் விழாக்களிலும் விளம்பரங்களிலும் இடம்பெற முடியாது என்று கதவைச் சாத்தியது. இன்று அந்த நாட்டுத் திராட்சைப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் திட்டத்துக்குள் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் திட்டம் 1998-ல் பிறந்தது. 2010 அறுவடையிலிருந்து பாட்டில் கழுத்தில் ஒட்டும் முத்திரையில் ஓர் எண் இருக்கிறது. அதை வைத்து ஒயினின் பூர்வீகத்தைத் தேடிப் பார்க்கலாம்.

கலிபோர்னியாவின் லோடை பகுதி விவசாயிகள் இன்னொரு வழியில் போனார்கள். 2000-ல் அவர்கள் ஒரு பயிற்சி நோட்டை அச்சிட்டார்கள். மண், நீர், பூச்சி, தொழிலாளர் என்று ஒவ்வொரு விஷயத்திலும் விவசாயி தனக்குத் தானே ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். மாணவனே விடைத்தாளைத் திருத்துவதா என்று கேலி செய்யலாம். ஆனால் அடுத்த தோட்டத்துக்காரன் மூன்று வாங்கும்போது தான் ஒன்றில் நிற்பது எந்த விவசாயிக்கும் உறுத்தும். அந்த உறுத்தல் வேலை செய்தது. 2002-ல் மாநிலம் முழுமைக்குமான விதித்தொகுப்புக்கு அந்த நோட்டே முன்மாதிரி ஆனது. 2005-ல் லோடை வெளியார் தணிக்கையோடு கூடிய சான்றிதழுக்கு முன்னேறியது.

எல்லாமே இப்படி உருப்படியாக நடந்துவிடவில்லை. பிரான்ஸில் விளைநிலத்தில் சுமார் 3 சதவீதம்தான் திராட்சை. நாட்டின் பூச்சிக்கொல்லியில் ஐந்தில் ஒரு பங்கை அது விழுங்குகிறது என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. அங்கே அரசே ‘உயர் சுற்றுச்சூழல் மதிப்பு’ என்ற சான்றிதழைக் கொடுத்தது. அதைப் பெற இருந்த வழிகளில் ஒன்று, வெளியிலிருந்து வாங்கும் உரம், மருந்து முதலியவற்றின் செலவு மொத்த விற்பனை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது. பாட்டிலை ஆயிரக்கணக்கில் விற்கும் பெரிய பிரபுக்களின் தோட்டம் மருந்தைக் கொட்டினாலும் இந்த வரம்பைத் தொடாது! மலிவு ஒயின் விற்கும் சாதாரண விவசாயிதான் தோற்பான். பலத்த விமர்சனத்துக்குப் பிறகு 2023-ல் அந்த வழி அடைக்கப்பட்டது. கலிபோர்னியாவிலும் கிளைபோசேட் களைக்கொல்லியை அடித்துக்கொண்டே பசுமைச் சான்று வைத்திருக்கிறார்களே என்ற கேள்வி ஓயவில்லை. நாபா பள்ளத்தாக்கின் ‘நாபா கிரீன்’ திட்டம்தான் துணிந்து அதற்குக் காலக்கெடு வைத்தது.

‘ஆர்கானிக்’ என்ற சொல்லும் முழுத் தீர்வல்ல. இயற்கை முறைத் தோட்டங்களிலும் அடிச்சாம்பல் நோய்க்குத் தாமிரம் கலந்த போர்டோ கலவைதான் பிரதான மருந்து. தாமிரம் மட்காது, மண்ணிலேயே தங்கும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ என்று கடிவாளம் போட்டிருக்கிறது.

முத்திரைகளின் இந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு நாசிக்குக்குத் திரும்பினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. அங்கே ஏற்கனவே ஒரு கறாரான திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒயினுக்கு அல்ல, சாப்பிடும் திராட்சைக்கு.

2003-ல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சையில் மெத்தோமில், அசிஃபேட் பூச்சிமருந்துகளின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. மானம் கப்பலேறிய கதை. அதன்பின் புனே அருகே மாஞ்சரியில் 1997 முதல் இயங்கும் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையத்தின் மேற்பார்வையில் எச்சக் கண்காணிப்பு தொடங்கியது. வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபேடா, ‘கிரேப்நெட்’ என்ற கணினி வலையை நிறுவியது. ஏற்றுமதித் தோட்டம் ஒவ்வொன்றுக்கும் பதிவு எண். அறுவடைக்கு முன் ஆய்வகத்துக்கு மாதிரி. எச்சம் வரம்புக்குள் இருந்தால்தான் பழம் கப்பலேறும். எந்த மருந்தை எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்ற கணக்கைத் திண்டோரியிலும் நிபாடிலும் விவசாயிகள் கற்றுக்கொண்டார்கள்.

2010-ல் மீண்டும் அடி. இம்முறை குளோர்மெக்வாட் குளோரைடு. கொடியின் வளர்ச்சியை அடக்கிக் காய்ப்பைக் கூட்டப் பயன்படும் பொருள். பரிசோதனைப் பட்டியலில் அது இல்லாததால் யாரும் தேடவில்லை. ஐரோப்பியர்கள் தேடினார்கள், கிடைத்தது. சரக்குகள் தேங்கின, ஏற்றுமதியாளர்கள் நஷ்டத்தில் நொந்தார்கள். பட்டியல் நீண்டது. அந்தக் காலகட்டத்தில் உருவாகி, விலாஸ் ஷிண்டே தலைமையில் வளர்ந்த சஹ்யாத்ரி விவசாயிகள் கம்பெனி இன்று நாட்டின் முன்னணித் திராட்சை ஏற்றுமதியாளர். சின்ன விவசாயிகளாலும் கடுமையான தர விதிகளைத் தாங்க முடியும் என்பதற்கு நடமாடும் உதாரணம் அது. பழத்தைத் திருப்பி அனுப்ப ஒருவன் இருந்தான், அதனால் திட்டம் உயிர் பெற்றது.

ஒயினுக்கு அப்படித் திருப்பி அனுப்புகிறவர் இல்லை. இந்திய ஒயின் பெரும்பாலும் மும்பை, புனே, பெங்களூர், டெல்லி, கோவாவில் குடித்துத் தீர்க்கப்படுகிறது. அந்தக் குடிமகன் விலை கேட்பார், மிஞ்சிப்போனால் திராட்சை ரகம் கேட்பார். எத்தனை லிட்டர் தண்ணீர் என்று கேட்பதில்லை. எனவே இங்கே பசுமை என்பது இப்போதைக்கு முதலாளியின் மனசைப் பொறுத்தது.

மனசு வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சூலா தன் மின்தேவையில் பாதிக்கு மேல் சூரிய ஒளியிலிருந்து எடுக்கிறது. ஸ்பெயினின் டாரெஸ், கலிபோர்னியாவின் ஜாக்சன் குடும்ப நிறுவனங்கள் 2019-ல் தொடங்கிய, பருவநிலைக்கான சர்வதேச ஒயின் ஆலைகள் அமைப்பில் ஆசியாவிலிருந்து முதலில் சேர்ந்ததும் சூலாதான். உறுப்பினர்கள் கரியமிலக் கணக்கை வெளியார் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும், 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்க வேண்டும். விளம்பரப் பலகையில் இலை வரைவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சூலாவின் திராட்சையில் பெரும்பங்கு ஒப்பந்த விவசாயிகளிடமிருந்து வருவது. ஆலையின் கூரையில் சூரியத் தகடு பதிப்பது எளிது. தோட்டத்துக்குத் தோட்டம் குட்டையில் இருப்பது மழைநீரா ஆழ்துளைக் கிணற்று நீரா என்று பார்ப்பதுதான் கடினம்.

சிறிய ஆலைகளின் நிலை வேறு. ஒரு லிட்டர் ஒயின் தயாரிக்கத் தொட்டி கழுவ, தரை கழுவ என்று இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரில் சமாளிக்கும் ஆலையும் உலகில் உண்டு, ஆறு லிட்டருக்கு மேல் செலவழிப்பதும் உண்டு. கழிவுநீரில் சர்க்கரையும் அமிலமும் ஈஸ்டும் கலந்திருக்கும். அப்படியே ஓடையில் விட்டால் தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்லும். அதுவும் அறுவடைக்கால இரண்டு மூன்று மாதங்களில் மொத்தமாக வந்து குவியும். வருடத்தில் ஒன்பது மாதம் சும்மா கிடக்கப்போகும் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சின்ன முதலாளி பணம் போடத் தயங்குவார். பிழிந்த சக்கை விஷயத்தில் பிரச்னை குறைவு. பழ எடையில் ஐந்தில் ஒரு பங்காவது வரும் அதை மட்க வைத்தால் கொடிக்கே உரம்.

பிறகு பாட்டில். ஒரு பாட்டில் ஒயினின் மொத்தக் கரியமிலத் தடத்தில் கண்ணாடிதான் ஆகப் பெரிய பங்குகளில் ஒன்று. கனத்த பாட்டில் என்றால் உயர்ந்த ஒயின் என்ற பிரமையில் சிலர் 900 கிராம் கண்ணாடியில் 750 மில்லியை ஊற்றி விற்கிறார்கள். 2023-ல் பல வெளிநாட்டுச் சில்லறை வியாபாரிகள் சேர்ந்து சராசரி எடையை 420 கிராமுக்குக் கீழே கொண்டுவர ஒப்பந்தம் போட்டார்கள். கண்ணாடியைத் திரும்ப வாங்குவதில் இந்தியா எப்போதுமே சமர்த்து. பீர் பாட்டில் பழைய பேப்பர்காரர் வழியாக ஆலைக்கே திரும்பிப் போகும் வழக்கம் இங்கே பழசு. ஒயின் பாட்டிலுக்கு அந்த யோகம் அரிது. நீலகிரியில் வனவிலங்குகளின் காலைக் கிழித்த கண்ணாடிச் சில்லுகளால் நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் டாஸ்மாக் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ரூ.10 கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. சாராயக் கடையில் முடிந்தது ஒயின் ஆலையின் சுற்றுலா மாளிகையில் முடியாதா என்ன?

அரசின் கையிலும் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. மகாராஷ்டிரம் தன் மாநில ஒயின் ஆலைகளுக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியில் 16 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. சலுகையின் நோக்கம் விவசாயிக்கு நல்ல விலை, ஊருக்கு வேலை. நியாயமானதுதான். ஆனால் பொதுப் பணம் போகிற இடத்தில் தண்ணீர் மீட்டரின் அளவையும் கேட்பதில் தப்பில்லை. நியூசிலாந்தில் தொழில் சங்கம் விழா மேடையைக் காட்டிச் செய்ததை இங்கே கஜானா ரசீதைக் காட்டிச் செய்யலாம்.

நெருக்கடி வேறு பக்கத்திலிருந்தும் வருகிறது. 2022 டிசம்பரில் அமலான வர்த்தக ஒப்பந்தத்தின்படி, விலை உயர்ந்த ஆஸ்திரேலிய ஒயின்களுக்கு இருந்த 150 சதவீத இறக்குமதி வரி படிப்படியாக இறங்குகிறது. அந்த நாடு 2019 முதல் தேசிய அளவில் நீடித்த திராட்சை வளர்ப்புத் திட்டம் நடத்துகிறது. அதன் முத்திரை தாங்கிய பாட்டிலும் நாசிக் பாட்டிலும் மும்பைக் கடையில் ஒரே அலமாரியில், நெருங்கிவரும் விலையில் நிற்கும் நாள் தூரத்தில் இல்லை. வானமும் இரக்கம் காட்டுவதில்லை. 2014 மார்ச்சில் ஆலங்கட்டி மழை, 2019 அக்டோபர்-நவம்பரில் ஓயாத மழை என்று தக்காணத்துத் தோட்டங்கள் வாங்கிய அடி இன்னும் மறக்கவில்லை. பருவம் தப்பிய ஒவ்வொரு மழைக்கும் பின் பூஞ்சாணம் வருகிறது, பூஞ்சாணத்துக்குப் பின் தெளிப்பான் வருகிறது.

இப்போதைக்கு நிலைமை இதுதான். திண்டோரியில் ஒரே சாலையின் இரு பக்கமும் திராட்சை. ஒரு பக்கத்திலிருந்து புறப்படும் அட்டைப்பெட்டி ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கும்போது, அதிலிருக்கும் எண்ணை வைத்து எந்த விவசாயியின் எந்தத் தோட்டத்தில் விளைந்த பழம் என்று கண்டுபிடித்துவிடலாம். எதிர்ப்பக்கத்துத் திராட்சை ஒயினாகி மும்பைக்குப் போகிறது. அந்த பாட்டிலில் ஆல்கஹால் அளவு இருக்கிறது, விலை இருக்கிறது, மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை இருக்கிறது. தோட்டத்தின் எண் இல்லை.